சக்கர வீடு: வாசகர் கேள்விகள்

மத்தியானம் மூன்று மணியானால் எங்கள் ஊர் தாப்பாவில் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அதனாலோ என்னவோ, இந்த முறை ஒழுகலைப் பற்றியும் நிறையக் கடிதங்கள். மற்றவை வழக்கம்போல பேட்டரி. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தோட்டத்துப் பட்டறையில் 31 வருடம் பிட்டர். ஓய்வுபெற்றதும் ஒரு பழைய ஹையேஸ் வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து, வீட்டம்மாவோடு ஊர் சுற்றுகிறேன். கையில் பட்டுத் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*கிள்ளான் வாசகர்: ஐயா, வேனில் 12 வோல்ட் பிரிட்ஜ் போட்டிருக்கிறேன். 100 ஆம்பியர்-மணி பேட்டரி, ஈய-அமில வகை, புதிது. ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் பிரிட்ஜ் நின்றுபோகிறது. அப்போது பேட்டரியை அளந்தால் 12.3 காட்டுகிறது. லித்தியத்துக்கு மாறுங்கள் என்கிறார் கடைக்காரர். மாறட்டுமா?*

தம்பி, காசைப் பையிலேயே வையுங்கள். ஈய-அமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 காட்டும், பாதி என்றால் 12.2. உங்களுடையது 12.3 என்றால் உள்ளே பாதிக்கு மேல் இருக்கிறது. பேட்டரி சாகவில்லை. அது செத்துவிட்டதாக ஐஸ்பெட்டி, அதான் உங்கள் பிரிட்ஜ், நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி நினைக்கிறது? மீட்டரை எடுத்துக்கொண்டு ஐஸ்பெட்டிப் பக்கம் போங்கள். கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சாக்கெட்டில் அளந்து பாருங்கள். பேட்டரியில் அளந்தது இங்கே வராது. பேட்டரி முன் சீட்டுக்கு அடியில், ஐஸ்பெட்டி பின்கதவோரம், நடுவில் 6 மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர். ரேடியோ ஸ்பீக்கருக்குப் போடுகிற மாதிரி 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் காணாமல் போகும். 12.3இல் 1.4 போனால் ஐஸ்பெட்டி வாசலில் 10.9. பேட்டரியைக் காப்பாற்றப் பல ஐஸ்பெட்டிகளில் மூன்று நிலை வைத்திருப்பார்கள். மேல் நிலையில் விட்டிருந்தால் 11 வோல்ட்டை ஒட்டி அது தானாக நின்றுவிடும். சாயங்காலம் பேட்டரி நிறைந்திருந்தபோது வாசலுக்கு 11.3 வந்தது, ஓடியது. இரண்டு மணிக்கு வரவில்லை, நின்றது. அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்கூட இராது.

தடித்த வயர் போடுங்கள். பேட்டரியை விட்டுக் கிளம்புகிற இடத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். ஐஸ்பெட்டிப் பக்கம் ஃபியூஸ் போட்டுப் பயனில்லை, நடுவழியில் வயர் உரசித் தீப்பிடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. சிகரெட் பற்றவைக்கிற சாக்கெட்டை நம்பவே வேண்டாம். வண்டி குலுங்குகிற குலுங்கலில் அது தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகி வந்ததை நான் கழற்றியிருக்கிறேன். ஐஸ்பெட்டியின் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியும் சூடு மேலே போக ஒரு வழியும் விடுங்கள். நம் ஊர் வெக்கையில் அதற்கு மூச்சு விட இடம் கொடுத்தாலே ஓடுகிற நேரம் குறையும்.

இவ்வளவு செய்த பிறகு கணக்குப் பாருங்கள். 45 வாட் பெட்டி ஒரு நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், மீறினால் ஆயுள் குறையும். ஆக, உங்கள் பேட்டரி ஒரு நாள் தாங்கும். வெயில் படாத இடத்தில் இரண்டு நாள் நிறுத்துகிறவர் என்றால் லித்தியம் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அதை நேரே ஆல்டர்னேட்டரில், அதாவது வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற மெஷினில், மாட்டிவிடாதீர்கள். லித்தியம் கொடுத்ததையெல்லாம் குடிக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில், அளவோடு மட்டும் விடுகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். கடைக்காரர் அதன் விலையையும் சேர்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

*சுங்கை சிப்புட் வாசகி: மழை பெய்தால் கட்டிலின் தலைமாட்டில் சொட்டுகிறது. என் வீட்டுக்காரர் அதற்கு நேர் மேலே கூரையில் மூன்று டியூப் சிலிக்கோன் பூசிவிட்டார். நிற்கவில்லை. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள்.*

அம்மா, உங்கள் வீட்டுச் சண்டையில் நான் புகமாட்டேன். அவர் செய்ததையே நானும் செய்தவன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

என் வேனில் அடுப்புக்கு மேலே சொட்டியது. அதற்கு நேர் மேலே பூசினேன், மறுபடி சொட்டியது, மறுபடி பூசினேன். கடைசியில் பார்த்தால் தண்ணீர் நுழைந்த இடம் ஒன்றரை மீட்டர் தள்ளி, சோலார் வயர் கூரைக்குள் இறங்குகிற துளை. என் வீட்டு வாசல் சரிவானது. வண்டியின் மூக்கு மேலே, பின்பக்கம் தாழ. நுழைந்த தண்ணீர் கூரைத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே ஓடி, அடுப்புக்கு மேல் இருந்த திருகாணி வழியாக இறங்கியிருக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தால் வேறெங்கோ சொட்டியிருக்கும்.

அதனால் முதலில் தண்ணீர் நுழைகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். மழையில்லாத காலையில் தண்ணீர்க் குழாயை எடுத்து, கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் ஜன்னல், அப்புறம் கூரையோரம், அப்புறம் காற்றாடி, கடைசியில் சோலார் தகடு. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம், பீய்ச்சாமல், மழைபோல விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கவேண்டும். உள்பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, தகட்டில் முகப்பவுடரைத் தூவிவிடுங்கள். தண்ணீர் வந்த பாதை கோடு போட்டதுபோலத் தெரியும்.

இனி சிலிக்கோன் விஷயம். பூசும்போது புளிக்காடி வாடை அடித்ததா? அந்த வகை உலோகத்தை அரிக்கும். எந்த வகை சிலிக்கோனாக இருந்தாலும் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கோன்கூடச் சரியாகப் பிடிக்காது. மூன்று டியூபையும் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். கத்தி வைத்தால் பெயிண்ட் போகும். டோல் கட்டுகிற பழைய டச் அன் கோ பிளாஸ்டிக் அட்டை நல்ல கருவி. ஸ்பிரிட்டால் துடைத்து, துளைக்கு மேல் இருக்கிற மூடியைக் கழற்றி, அதன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டுகிற ரப்பர் டேப்) வைத்துத் திருகாணிகளை முறுக்குங்கள். டேப் பிதுங்கி வரும், வரட்டும். மறுநாள் வெயிலில் இளகியதும் இன்னொரு சுற்று முறுக்கிவிட்டுப் பிதுங்கியதை வெட்டுங்கள். அதற்கு மேல்தான் பாலியூரிதேன் பூச்சு. ஹார்டுவேர் கடையில் சிக்காஃப்ளெக்ஸ் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தண்ணீரை நிறுத்துவது அடியில் இருக்கிற டேப். மேல்பூச்சு அதற்குக் குடை மாதிரி.

கதவு ரப்பருக்கு என்ஜின் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பு வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பால்மரத்து நடுவில் வளர்ந்தவனிடம் கேளுங்கள்: ஒட்டுப்பாலை டீசலில் ஊறப் போட்டால் ஊதிக் கொழகொழவென்று ஆகும். கதவு ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயில் அப்படித்தான் கெடும். சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். பூச்சு போடவேண்டிய இடத்தில் மட்டும் அது பட்டுவிடக்கூடாது.

பால்மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். காய் வெடிக்கிற மாதங்களில் கொட்டைகள் கூரையில் டொக் டொக்கென்று விழுந்து தூங்கவிடாது என்பது ஒரு பக்கம். கூரையோரத் தண்ணீர்க் காலில் அவை வரிசையாக உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு பிடி எடுத்தேன். இரண்டு முளைவிட்டிருந்தன.

*ஜோகூர் பாரு வாசகி: கட்டில் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் பூஞ்சணம். மெத்தையை மாற்றியும் வந்துவிட்டது.*

மெத்தை என்ன செய்யும்? இரண்டு பேர் மூச்சும் வியர்வையும் ராத்திரி முழுக்க இறங்கி, அடியில் இருக்கிற பலகையில் குளிர்ந்து நீராகிறது. அது வெளியேற வழியில்லை. பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டங்கள் போடுங்கள். முடியாது என்றால் பலகையில் ஓட்டைகள் போட்டு, மேலே தென்னைநார்ப் பாய் ஒன்றை விரியுங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். கூரைக் காற்றாடி ராத்திரி மெதுவாக ஓடட்டும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும். ஜன்னலை அடைத்துவிட்டுக் காற்றாடி போடுவது வெறும் சத்தம்தான்.

*போர்ட்டிக்சன் வாசகர்: பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் உங்கள் தாப்பா வழியாக இறங்கினோம். பாதியில் பிரேக் மிதி மெத்தென்று அமுங்கியது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றபின் சரியாகிவிட்டது. பட்டறையில் காட்டினேன், ஒன்றுமில்லை என்கிறார்கள்.*

ஒன்றுமில்லையா? நான் பஸ் நிலையத்துப் பக்கம் தேநீர் குடிக்கும்போது, மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி எது என்று வாடையை வைத்தே சொல்லிவிடுவேன். கேமரன் மலையில் இருக்கிற தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து இங்கே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. அவ்வளவு தூரமும் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் சூடு பிரேக் எண்ணெய் வரைக்கும் போகும்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிப் பழசானால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, பழசானால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதுதான் மிதி மெத்தென்று போனது. ஆறியதும் ஆவி மறைந்துவிடும், பட்டறைக்காரர் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அவர்மேல் முழுத் தப்பும் இல்லை. எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பிரேக் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். தோட்டத்து லோரிக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிரேக்கை அழுத்தி, வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள், தடவிக்கொண்டே வராதீர்கள். லாத்தா இஸ்கந்தரில் நிறுத்தி அருவியைப் பாருங்கள், சக்கரமும் ஆறும். சூடான டிஸ்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கோணிப்போகும். இன்னொன்று, 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. மலையில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. கீழிருந்து தொட்டி நிறையச் சுமந்துகொண்டு ஏறுவானேன், மீதியைச் சுமந்துகொண்டு இறங்குவானேன்?

*கூலிம் வாசகர்: தண்ணீர்த் தொட்டியில் பாசி வாடை.*

60 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனை சேர்க்காத துணி பிளீச். ஒவ்வொரு குழாயையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். வெந்நீர்க் குழாயை மறந்துவிடுவார்கள். நாலு மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகிறவரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். பம்புக்கு முன்னால் இருக்கிற சல்லடையைக் கழற்றிப் பார்த்தீர்களா? பாதி வாடை அங்கேதான் இருக்கும்.

*ஈப்போ வாசகர்: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்றவேண்டுமா?*

பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்குகிற எழுத்துகளின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. நம்மைப் போல வண்டியை நிறுத்தியே வைத்திருப்பவர்களின் டயர் தேய்ந்து போவதில்லை, வெயிலில் காய்ந்து வெடித்துப் போகிறது. ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் டயர்க்கடையில் காட்டுங்கள். பத்து என்றால் பட்டனைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

*பட்டர்வொர்த் வாசகி: வேனுக்குள் சம்பல் வதக்கினால் மூன்று நாள் வாடை போகவில்லை. கேஸ் தோம்பை (சிலிண்டரை) அடுப்புக்குக் கீழேயே அலமாரியில் வைத்திருக்கிறோம்.*

நீங்கள் கேட்டது சம்பலைப் பற்றி, எனக்குப் பயம் தோம்பைப் பற்றி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கி நிற்கும். அந்த அலமாரிக்கு வேனின் உள்பக்கம் இடுக்கு இருக்கக்கூடாது, அதன் தரையில் வண்டிக்கு வெளியே திறக்கிற ஓட்டை இருக்கவேண்டும். இந்த இரண்டும் செய்கிறவரை தோம்பு வேனுக்குள் வேண்டாம். ஒவ்வொரு தடவை மாட்டியதும் ரெகுலேட்டரிலும் ரப்பர்க் குழாயின் இரண்டு முனையிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை வந்தால் கசிகிறது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருப்பதால் சொல்கிறேன்.

சம்பலுக்கு வழி வெளியேதான். தள்ளுகதவைத் திறந்து, மடக்குமேசை போட்டு, பந்தலை இழுத்துவிட்டு, அங்கே வதக்குங்கள். எங்கள் வேனில் பெலாச்சான் (இறால் விழுது) டப்பாவுக்கே உள்ளே இடமில்லை. பின்கதவில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்திருக்கிறேன், நிறுத்திய இடத்தில் அங்கேதான் தொங்கும்.