வாசகர் கேள்வி – பதில்: நல்ல செய்தியும் விளையாட்டு விழாச் செலவும்

கேள்வி: நாளிதழைப் பிரித்தாலும் தொலைக்காட்சியைப் போட்டாலும் போர், கொலை, விபத்து, ஊழல் என்றே இருக்கிறது. மனத்துக்குத் தெம்பு தரும் செய்திகளை எங்கே தேடுவது? அப்படித் தேடுவதே உண்மையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது ஆகிவிடாதா?

பதில்: கண்ணை மூடிக்கொள்வது ஆகாது, ஆனால் எதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு நிகழ்வு நடந்து முடிவதற்கு ஆகும் காலம் செய்தித்தாள் வெளிவரும் கால இடைவெளியோடு பொருந்தினால்தான் அது செய்தியாகும் வாய்ப்பு மிகுதி என்று விளக்கினார்கள். பாலம் ஒரு நிமிடத்தில் இடிந்துவிடுகிறது. மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு நோய் ஒழிவதற்கோ முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் எந்த ஒரு நாளையும் சுட்டி ‘இன்று நடந்தது’ என்று எழுத முடிவதில்லை.

குடிநீர் வழியாக உடலில் புகும் ஒரு புழுவால் வரும் நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் அந்தப் புழுவால் துன்புற்றார்கள். 2024-இல் பதிவான மனித நோயாளிகள் 15 பேர். இதற்குத் தடுப்பூசி இல்லை, நோயைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியால் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தது, புண்ணோடு இருப்பவர் நீர்நிலையில் இறங்காமல் பார்த்துக்கொண்டது, ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தது ஆகிய எளிய வேலைகளைச் சலிக்காமல் செய்ததே இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. விலங்குகளிடத்தில், குறிப்பாகச் சாட் நாட்டு நாய்களிடத்தில், அந்தப் புழு இன்னும் இருப்பதால் வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமை பெறும். அதேபோல, 1990-இல் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் 1 கோடியே 25 லட்சத்துக்கும் மேல். 2022-இல் அந்த எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே வந்தது. அது இன்னமும் நெஞ்சைப் பதறவைக்கும் எண்தான்; ஆயினும் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்பது தெரியாமல் உலக நிலையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சாகவே இருக்கும்.

ஆகவே, எங்கே தேடுவது என்ற கேள்விக்கு என் பதில், அன்றாடப் பரபரப்பில் தேடாதீர்கள் என்பதே. ஆண்டறிக்கைகள், கணக்குத் தணிக்கை அறிக்கைகள், பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய திட்டம் இப்போது என்ன ஆயிற்று என்று திரும்பிச் சென்று பார்த்து எழுதும் கட்டுரைகள் ஆகியவற்றில்தான் உறுதியான நல்ல செய்திகள் கிடைக்கின்றன. நோயுற்ற தோழனின் சிகிச்சைக்காக ஒரு சிறுவன் உண்டியலை உடைத்துக் கொடுத்தான் என்பது போன்ற நெகிழ்ச்சிக் கதைகளை நான் சற்று ஐயத்தோடுதான் படிக்கிறேன். சிறுவனின் அன்பு உண்மைதான். ஆனால் ஒரு குழந்தையின் சிகிச்சை இன்னொரு குழந்தையின் உண்டியலை நம்பி நிற்கிறது என்பதே அதில் உள்ள செய்தி, அது நல்ல செய்தியன்று.

கேள்வி: கெட்ட செய்தியே வருகிறது என்று பத்திரிகைகளைக் குறை சொல்கிறோமே, படிக்கிற நமக்கு அதில் பங்கு இல்லையா?

பதில்: நிறையவே இருக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத் தலைப்புகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்களை ஆராய்ந்து, தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது அதைத் திறந்து படிப்போரின் விகிதம் 2.3 சதவீதம் உயர்கிறது என்று கண்டது. அந்தத் தலைப்புகள் அனைத்தும் அப்வொர்த்தி என்ற தளத்தில் வெளியானவை என்பதுதான் வேடிக்கை. நம்பிக்கையூட்டும் செய்திகளைப் பரப்புவதற்கென்றே தொடங்கப்பட்ட தளம் அது.

கேள்வி: விளையாட்டுப் பக்கமே நல்ல செய்திதானே, ஐயா? வேறு எங்கும் தேட வேண்டுமா?

பதில்: பல நாள்களில் அப்படித்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் முதாஸ் பார்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டரைத் தாண்டிச் சமநிலையில் நின்றபோது, மேலும் மோதி ஒருவரை வீழ்த்துவதைவிடத் தங்கத்தைப் பகிர்ந்துகொள்வதே போதும் என்று முடிவு செய்தார்கள். 2021 ஆகஸ்டில் நடந்த அந்தக் காட்சியின்போது, பெருந்தொற்றின் காரணமாக, பெரும்பொருள் கொட்டிக் கட்டிய அரங்கத்தில் பொதுமக்கள் இல்லை. மகிழ்ச்சிக்கு ஒரு குறையும் ஏற்படவில்லை.

கேள்வி: ஒலிம்பிக், உலகக் கோப்பை போன்ற பெருவிழாக்களுக்கு அரசு பணத்தைக் கொட்டுவது சரியா? அந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டலாமே என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். முதலீடு, வேலைவாய்ப்பு, சுற்றுலா என்று மறு சாரார் அடுக்குகிறார்கள். தாங்கள் எந்தப் பக்கம்?

பதில்: மருத்துவமனை வாதம் கேட்பதற்கு வலுவாக இருந்தாலும், அதை மட்டும் நம்பி வாதாடுவதை நான் விரும்புவதில்லை. விழா நடக்காமல் போனால் அந்தப் பணம் தானாக மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: இவ்விழாக்களின் செலவுக் கணக்கு தொடக்கத்தில் சொன்னபடி முடிந்ததே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1960 முதல் நடந்த ஒலிம்பிக் விழாக்களில் செலவு விவரம் கிடைத்தவற்றை ஆராய்ந்தபோது, பணவீக்கத்தைக் கழித்த பிறகும் சராசரியாக 172 சதவீதம் கூடுதலாகச் செலவாகியிருப்பதைக் கண்டார்கள். அதாவது, நூறு என்று சொல்லி ஏறத்தாழ இருநூற்று எழுபதில் முடித்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் எப்போதும் திருட்டுத்தனம் அன்று. தொடக்க நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே உலகறியக் குறிக்கப்பட்டுவிடுவதால், வேலை தாமதமானால் நாளைத் தள்ளிப்போட முடியாது. பணத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். கூடுதல் செலவை யார் ஏற்பது என்பதும் தொடக்கத்திலேயே எழுதி வாங்கப்பட்டுவிடுகிறது: நகரமோ அரசோதான். விழாவைப் பெறும் போட்டியில் குறைத்துச் சொன்னவருக்கே ஆதரவு கிடைக்கும் என்பதால் முதல் மதிப்பீடு குறைவாகவே இருக்கும். லண்டன் 2012 ஒலிம்பிக் விழாவை 2005-இல் வென்றபோது பேசப்பட்ட பொதுநிதி 240 கோடி பவுண்டு அளவில் இருந்தது. 2007-இல் அது 930 கோடியாகத் திருத்தப்பட்டது. பிறகு, அந்தத் திருத்திய தொகைக்குள் விழாவை முடித்துவிட்டதைச் சாதனையாக அறிவித்தார்கள். இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மான்ட்ரியலின் கதை இன்னும் நீளமானது. ஆண்பிள்ளை குழந்தை பெற முடியாதது போலவே ஒலிம்பிக்கால் நட்டம் வர முடியாது என்று அந்நகர மேயர் ழான் டிராப்போ சொன்னார். 1976-இல் நடந்த விழாவின் கடன் 2006-இல்தான் அடைந்தது. அதை அடைக்க உதவியவற்றுள் புகையிலை மீது விதித்த சிறப்பு வரியும் ஒன்று. தொல்லை தீராத அந்த அரங்கத்தின் கூரையை மாற்ற 87 கோடி கனடா டாலர் செலவாகும் என்று 2024-இல் அறிவித்தார்கள். அதே நகரத்தில் 1987-இல் கையெழுத்தான, ஓசோன் படலத்தைக் காக்கும் உடன்படிக்கைதான், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த நல்ல செய்திகளுள் ஒன்றாக இன்றும் பலன் தந்துகொண்டிருக்கிறது. அதற்கு எந்த அரங்கமும் தேவைப்படவில்லை.

சுற்றுலாவும் வேலைவாய்ப்பும் பெருகும் என்ற கணக்கைப் பொருளியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. விழாவுக்கு வருபவர்களைக் கூட்டுகிறார்கள். நெரிசலுக்கும் விலை ஏற்றத்துக்கும் அஞ்சி அந்நேரத்தில் வராமல் இருந்துவிடும் வழக்கமான பயணிகளைக் கழிப்பதில்லை. நுழைவுச்சீட்டுக்கு உள்ளூர்க்காரர் செலவழித்த பணம் வேறொரு கேளிக்கைக்குச் செலவாகியிருக்கும் என்பதையும் கழிப்பதில்லை. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சப்படுத்தியது. 1932 விழா நடந்த பழைய அரங்கத்தையே பயன்படுத்தியதும், வேறு எந்த நகரமும் போட்டிக்கு நில்லாததால் நிபந்தனைகளைப் பேரம் பேச முடிந்ததும், நகர நிதியைத் தொடக்கூடாது என்று வாக்காளர்கள் முன்கூட்டியே கட்டுப்படுத்தியதும் அதற்குக் காரணங்கள். பார்சிலோனாவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அந்நகரம் தன் கடற்கரையையும் சுற்றுச்சாலைகளையும் சீரமைக்க ஏற்கெனவே போட்டு வைத்திருந்த திட்டங்களுக்கு 1992 விழாவைக் காரணமாகப் பயன்படுத்திக்கொண்டது. விழாவுக்காகத் திட்டம் தேடவில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் வரவு செலவாகவே பார்க்கலாமா? மக்கள் அடையும் மகிழ்ச்சிக்கும் பெருமிதத்துக்கும் விலை போட முடியுமா?

பதில்: விலை போடுவது கடினம், அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் விழாவையொட்டி, 2011 முதல் 2013 வரையிலான கோடைக்காலங்களில் லண்டன், பாரிஸ், பெர்லின் நகரங்களில் 26,000 பேரிடம் அவர்களுடைய மனநிலை பற்றிக் கேட்டறிந்த ஆய்வு ஒன்று உண்டு. விழா நாள்களில் லண்டன்வாசிகளின் மகிழ்ச்சி மற்ற இரு நகரத்தாரைவிட உயர்ந்தது, குறிப்பாகத் தொடக்க விழா, நிறைவு விழாவை ஒட்டி. அடுத்த ஆண்டு கேட்டபோது அந்த உயர்வு எஞ்சியிருக்கவில்லை.

இதை வைத்து மகிழ்ச்சி பொய் என்று நான் வாதிட மாட்டேன். ஒரு சமுதாயம் தன் மகிழ்ச்சிக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவது குற்றமன்று. பூங்காவும் நூலகமும் இலாபம் தருவதில்லை, அவற்றை யாரும் மூடச் சொல்வதில்லை. என் மனக்குறை எல்லாம், செலவைச் செலவு என்று சொல்லாமல் முதலீடு என்று சொல்லி ஒப்புதல் பெறுவதைப் பற்றியதுதான். ‘சில வாரங்கள் கொண்டாடப் போகிறோம், இவ்வளவு ஆகும், சம்மதமா?’ என்று கேட்டால், சம்மதம் என்று சொல்லும் மக்களும் இருப்பார்கள்.

கேள்வி: மக்கள் சம்மதிக்காமல் தடுத்த வரலாறு உண்டா? தடுத்ததால் பயன் ஏதும் விளைந்ததா?

பதில்: உண்டு. 1976 குளிர்கால ஒலிம்பிக்கை வென்ற டென்வருக்கு அரசுப் பணம் தருவதில்லை என்று கொலராடோ மாநில மக்கள் 1972-இல் வாக்களித்தார்கள். விழா ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்குக்குப் போயிற்று. 2024 விழாவுக்கான போட்டியில் பாஸ்டன் மேயர் நட்டத்துக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். ஹாம்பர்க் மக்கள் 51.6 சதவீத வாக்குகளால் மறுத்தார்கள். புடாபெஸ்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்கெடுப்பு கோரிக் கையொப்பமிட்ட பிறகு நகரம் விலகிக்கொண்டது. எஞ்சியவை பாரிஸும் லாஸ் ஏஞ்சலஸும் மட்டுமே. அடுத்த முறைக்கு ஆள் கிடைக்குமோ என்ற கவலையில், 2017-இல் 2024, 2028 விழாக்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் இருவருக்கும் ஒதுக்கிவிட்டார்கள். பாரிஸ் தன் அரங்குகளில் 95 சதவீதத்தைப் பழையவையாகவோ தற்காலிகமானவையாகவோ வைத்துக்கொண்டதில், ‘முடியாது’ என்று சொன்ன அந்த ஊர்களுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

விலகுவதும் இலவசமன்று. 2026 காமன்வெல்த் போட்டியிலிருந்து 2023-இல் விலகிய விக்டோரியா மாநிலம் 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுத்தது. மொத்த இழப்பு 58.9 கோடிக்கு மேல் என்று அம்மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் பிறகு கணக்கிட்டார். செலவு 260 கோடியிலிருந்து ஏறத்தாழ 700 கோடியாக உயரும் என்று விலகலுக்குச் சொன்ன மதிப்பீடே மிகைப்படுத்தப்பட்டது என்றும் அவர் சொன்னார். எதிர்ப்பவர்கள் தரும் எண்களையும் தணிக்கை செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சொன்ன தாங்கள், விழாச் செலவால் விளைந்த நல்ல செய்தி ஒன்றையாவது சொல்லக் கூடாதா?

பதில்: சேன் ஆற்றைச் சொல்கிறேன். பாரிஸில் அந்த ஆற்றில் நீந்துவதற்கு 1923 முதல் தடை இருந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ழாக் சிராக், மேயராக இருந்த காலத்தில், ஆற்றைத் தூய்மையாக்கித் தாமே இறங்கி நீந்துவதாக வாக்களித்தார், நடக்கவில்லை. 2024 விழாவையொட்டி ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவில் கழிவுநீர் இணைப்புகளைச் சரிசெய்து, மழைக்காலத்தில் கழிவுநீர் ஆற்றில் கலக்காதபடி 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டியையும் கட்டினார்கள். விழாவின்போது பெய்த மழையால் ஆறு மீண்டும் கலங்கி, நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானின் ஆடவர் போட்டி ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டபோது உலகமே சிரித்தது. 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் இறங்கி நீந்த அனுமதிக்கப்பட்டபோது, அந்தச் செய்தி கேலிக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூடப் பெற்றதாகத் தெரியவில்லை.

ஒலிம்பிக் இல்லாமலே இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். செய்திருக்க முடியும், பல பத்தாண்டுகளாகச் செய்யவில்லை. தள்ளிப்போட முடியாத நாள் என்று நான் மேலே குறையாகச் சொன்னதுதான் இங்கே வேலையை முடித்துக் கொடுத்தது. அதற்காக முழுச் செலவும் சரி என்று சொல்லிவிட மாட்டேன். பிரான்சின் கணக்குத் தணிக்கை மன்றம் அவ்விழாவின் பொதுச் செலவை 660 கோடி யூரோ என்று மதிப்பிட்டிருக்கிறது. பலத்த மழைக்குப் பின் நீரில் கிருமிகளின் அளவு கூடும் நாள்களில் நீந்துமிடங்களை இப்போதும் மூடிவிடுகிறார்கள்.