சத்தம் கேக்குது, பேச்சுதான் விளங்கல

காது மெல்ல மெல்ல மந்தமாவதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது பற்றி, செங்கோட்டை வட்டாரத்து மக்கள் கேட்டவையும் செவித்திறன் பரிசோதகர் சொன்னவையும்.

புளியரை, பலசரக்குக் கடைக்காரர்: அக்கா, எனக்கு 58 வயசு. நம்ம ஆளுக பேசினா விளங்குது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் இருந்து வாரவங்க மலையாளத்துல சாமான் கேட்டா ரெண்டு மூணு தடவ திருப்பிக் கேக்கேன். முப்பது வருசமா காதுல விழுற பாஷைதான். இது காதா, புத்தியா?

பெரும்பாலும் காதுதான், அண்ணாச்சி. வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை தப்பித்துக்கொள்ளும். க, ச, த, ப போன்ற மெய்களை அடையாளம் காட்டுவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். அவை நழுவினால் கடை, சடை, தடை, படை நான்கும் 'அடை' என்றே வந்து சேரும். அதனால்தான் 'சத்தம் கேக்குது, விளங்கல' என்கிறோம்.

தாய்மொழியில் விட்டுப்போன எழுத்தை மூளை பழக்கத்தில் நிரப்பிவிடும். இரண்டாவது மொழியில் அந்த அளவு நிரப்ப முடியாது. ஆகவே ஓட்டை முதலில் அங்கே தெரிகிறது. இரண்டு மொழி புழங்கும் நம் ஊர்களில் இதை நல்ல முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றையும் கவனியுங்கள். பேத்தியின் பேச்சு மட்டும் பிடிபடாமல் போகிறதா? கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வதற்குச் சும்மா தலையாட்டுகிறீர்களா? செல்போனை எப்போதும் ஒரே காதுக்குக் கொண்டுபோகிறீர்களா? டிஜிட்டல் தெர்மாமீட்டரின் 'பீப்' வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்கவில்லையா? 'இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுதாங்க' என்று தோன்றுகிறதா? இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். ஆனால் ஐந்தருவிப் பக்கம் நின்று காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டாம், அங்கே யாருக்குமே கேட்காது.

செங்கோட்டை, இல்லத்தரசி: மாமா டிவிய 40-ல வைக்காவ. மெதுவா பேசினா 'என்ன'ங்காவ, சத்தமா பேசினா 'ஏன் கத்துத'ன்னு கோவப்படுதாவ. வேணும்னே செய்யுதாவளோன்னு தோணுது.

வேண்டுமென்று செய்வதில்லை அம்மா, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். உள்காதின் மயிரிழைச் செல்கள் பழுதானால் சிறு சத்தம் எட்டாது, பெரிய சத்தம் சட்டென்று பெரிதாகக் குத்தும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால் குரலை உயர்த்துவதைவிட, அடுக்களையில் இருந்து கூப்பிடாமல், மிக்சியை நிறுத்திவிட்டு, முகம் தெரிய முன்னால் நின்று நிதானமாகப் பேசுவது பலன் தரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். அவர் உட்கார்ந்திருக்க, உதடு தெரியாமல் பின்னால் ஒரு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை விரலால் அழுத்தி லேசாகத் தேய்த்து ஒரு காதை மூடுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டபின், 'நாலு, க, ரெண்டு' என்பதுபோல் எண்ணும் எழுத்துமாக மூன்றைக் கிசுகிசுத்து, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றையும் சரியாகச் சொன்னால் மூடாத காது தேறியது. தவறினால் வேறு மூன்று. ஆறில் மூன்றுகூட வராவிட்டால் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மூச்சை விடாமல் கிசுகிசுத்தால் குரல் ஓங்கிவிடும், பலரும் தவறுவது இங்கேதான்.

செங்கோட்டை, மர அறுவை மில் தொழிலாளி: வேலை முடிஞ்சு வந்தா காதுல ரெண்டு மணி நேரம் 'ங்ஙொய்'னு இருக்கும், காலைல சரியாப் போயிரும். பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்கேன்.

காலையில் சரியாகிறதே என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. அந்த இரைச்சல்தான் எச்சரிக்கை. தினமும் அடிபட்டால் ஒரு கட்டத்தில் திரும்பி வராது, செத்த செல் மறுபடி முளைக்காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். வட்ட ரம்பம் சாதாரணமாக அந்த அளவை எட்டும். கை நீளத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சு போதவே போதாது. நுரை அடைப்பான் வாங்குங்கள். சுத்தமான விரலால் ஊசிபோல மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே பின்னே இழுத்து, உள்ளே நுழைத்து, விரியும்வரை 30 விநாடி பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. ஆண்டுக்கொருமுறை ஆடியோகிராம் எடுங்கள். இரைச்சலால் வரும் பழுது 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியின் அருகே பள்ளமாகத் தெரியும், பேச்சு பாதிக்கும் முன்பே.

கடையநல்லூர், 29 வயதுப் பெண்: ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மந்தமா இருக்கு. ஆனா பஸ்ஸுக்குள்ள பேசினா நல்லா கேக்குது!

நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகும் நோயாக இருக்கலாம். இளம்வயதுப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, கர்ப்பத்தின்போது சிலருக்கு வேகமெடுக்கும். இரைச்சலில் நன்றாகக் கேட்பது அதன் ஓர் அடையாளம். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அறுவை சிகிச்சையும் உண்டு, காது கேட்கும் மெஷினும் உதவும்.

புளியங்குடி: நேத்து காலைல எந்திச்சதுல இருந்து ஒரு காது மட்டும் அடைச்சாப்ல இருக்கு, கேக்கல.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். சாதாரண அடைப்பாகவும் இருக்கலாம். திடீர்ச் செவியிழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். சொட்டு மருந்து போட்டு ஒரு வாரம் காத்திருந்து வருபவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு குறைந்துபோகிறது.

தென்காசி: குறும்பியை பட்ஸால எடுக்கலாமா?

கூடாது, உள்ளே தள்ளி இறுக்கிவிடும். செவிப்பறையில் ஓட்டை, சீழ் இருந்தால் எண்ணெயும் ஊற்றக்கூடாது.

பண்பொழி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மெஷின் வச்சும் பயனில்லன்னு பெட்டிக்குள்ள போட்டுட்டேன்.

ஐயா, பல ஆண்டு கேட்காத ஒலிகள் திரும்பி வரும்போது மூளைக்கு எல்லாம் இரைச்சலாகவே தோன்றும். முதல் வாரம் அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம், பிறகு கூட்டுங்கள். சில வாரம் கழித்து ஆடியோகிராமோடு போய் அளவை மாற்றச் சொல்லுங்கள். ஒரே தடவையில் சரியாக அமைவது அரிது. சிறு வட்ட பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். சாரல் காலத்தில் இரவு பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம்தான் மெஷினுக்கு முதல் எதிரி.

புதிதாக வாங்க வசதி இல்லாதவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்ற சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்களுக்கு ஆக்குளத்தில் 'நிஷ்' நிறுவனம் இருக்கிறது, காது, பேச்சு இரண்டையும் அங்கே பார்க்கிறார்கள்.