பெயின்ட் அடித்தவர் பிரீமியர் லீகில்

கேள்வி: மகனுக்கு 21 வயது. கால்பந்தில் நடுக்களம் ஆடுகிறான். இந்த வருடமும் மாவட்ட அணியில் எடுக்கவில்லை. பந்தைப் பரணில் போட்டுவிட்டான். என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, ஜிம்மி புல்லார்டைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். கிழக்கு லண்டன்காரர். அப்பாவோடு பெயின்ட் வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன கிளப்புகளுக்கு ஆடியவர். 1999-ல் வெஸ்ட் ஹாம் என்ற பெரிய கிளப் எடுத்தது. முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடத் தரவில்லை. பீட்டர்பரோ போனார், பிறகு விகன். விகனோடு 2005-ல் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்கு ஏறியபோது வயது 26!

அடுத்த வருடமே ஃபுல்ஹாமுக்கு மாறினார். செப்டம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மறுபடி களமிறங்க 2008 ஜனவரி ஆனது. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்து அணிக்கே அழைத்தார்கள். ஆடத்தான் வாய்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகும் ஹல், இப்ஸ்விச் என்று 2012 வரை ஆடினார்.

அந்த வலி எனக்குத் தெரியும். குறுவை அறுத்த வயலில் ஆடும்போது, தாள்கட்டையில் கால் மாட்டி என் முழங்காலும் போனது. எட்டு மாதம் வெண்ணாற்றங்கரையில் தினமும் விடியற்காலை நடந்துதான் தேறினேன்.

பந்தைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்புங்கள். அவன் ஆட்டத்தை நானே பார்க்கிறேன்.