நாற்காலியை எந்த அறையில் போடப் போகிறீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ஆட்டிசம். உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் பின்கால் முறிந்துவிட்டது. நவராத்திரி சமயத்தில் சோபாவின் முதுகுக் கட்டையும் போய்விட்டது. சத்தம் தாங்கவில்லை என்று கீழ் வீட்டுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். உடையாத, அவனுக்கு வசதியான இருக்கை எது? தை மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கிடைத்தால் உள் அறையில் போட்டு அவனை உட்கார வைத்துவிடலாம், சத்தமில்லாமல் இருப்பான்.
– பெயர் வேண்டாம், கொளத்தூர், சென்னை.

பதில்: இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி முடித்துவிடலாம். எழுதப் போவதில்லை. நாற்காலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பிள்ளை படக் கூடாது, அதற்கு ஒரு நாற்காலி. அதுதானே அம்மா விஷயம்? அவன் வசதிக்கு என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், சரி. எந்த அறை, எந்த மாதத்துக்குள் என்று வரும்போதுதான் யாருடைய வசதி என்று தெரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதையே செய்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது உள்ளே தொம் தொம் என்று சத்தம். மாப்பிள்ளையின் பாட்டி என்னவென்று கேட்க, பக்கத்து வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, தண்ணீர் குடிக்கப் போனவர், ஒரு கதவைத் திறந்தார். பையனைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. கொத்தனாரை நினைத்துத்தான் வந்தது. அப்புறம் அந்தப் பெண் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

உங்கள் நாத்தனாருக்கு அந்தச் சீதனத்தைக் கொடுக்கப் போகிறீர்களா? அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? என்னைக் கேட்டால், ஒளித்து வைத்துக் கட்டிக்கொடுக்கிற சம்பந்தம் வேண்டாம். அண்ணன் பிள்ளையைப் பார்த்துப் பின்வாங்குகிற குடும்பம் இப்போதே பின்வாங்கட்டும். இதை அவர்களிடம் முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். பெண்ணுக்கு அண்ணன் அவர், பையனுக்கு அப்பாவும் அவர். இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்த மனிதரை நான் ஒரு இடத்திலும் பார்க்கவில்லை.

சோபா எப்போது உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். நவராத்திரி. கொலுவுக்கு வருகிறவர், போகிறவர், காலிங் பெல், பாட்டு, வெளிச்சம். இந்தப் பிள்ளைகள் பலருக்கு ஆடுவதுதான் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. தூளியில் போட்டு ஆட்டித்தானே அவனையும் தூங்க வைத்தீர்கள்? படபடப்பு கூடினால் ஆட்டமும் கூடும். முன்பின் தெரியாத குரல்கள் ஹாலில் கேட்க, அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அன்றைக்குத் தேக்கு நாற்காலியே ஆட்டம் காணும். சத்தமில்லாமல் இருப்பான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

சரி, இருக்கைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியை இனி வாங்காதீர்கள். பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் அவன் எடை முழுக்க இரண்டு பின்கால்களில் இறங்குகிறது. முறிவதற்கு முன்னால், காலும் இருக்கையும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். வீட்டில் மிச்சம் இருக்கும் நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள், இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். மலிவு சோபாக்களின் கதையும் அதுதான்: மெத்தைக்கு உள்ளே மரத்தூள் பலகையும் ஸ்டேப்ளர் பின்னும்.

ஒரு ஆசாரியைப் பிடியுங்கள். பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் தேக்கோ வேங்கையோ கிடைக்கும். அகலமான, தாழ்வான பெஞ்சு, முதுகுச் சாய்வோடு. அவன் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து, மெத்தையோடு சேர்த்து அந்த உயரம்தான் இருக்க வேண்டும். பாதம் தரையில் பதியாத பிள்ளை இன்னும் வேகமாக ஆடலாம். கட்டைக்குள் கட்டை செருகிப் பசை போட்ட இணைப்பு வேண்டும், வெறும் ஆணி அடித்தால் மூன்றே மாதத்தில் கிறீச்சிடும். கால்களுக்கு நடுவே தரையை ஒட்டிக் குறுக்குக் கட்டை. பின்பக்கம் சுவரோடு சேர்த்துப் போட்டு, சுவரில் படும் இடத்தில் தடித்த ரப்பர் பட்டை. நான்கு காலுக்கும் ரப்பர் குமிழ். கீழ் வீட்டுக்காரருக்கு அதில் பாதி பதில் கிடைத்துவிடும்.

மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள். உறைக்கு ரெக்ஸின் வேண்டாம். துடைக்கச் சுலபம் என்பார்கள், ஆனால் சென்னை மே மாதத்தில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், அவன் கத்துவான். பவானி ஜமக்காளத் துணியில் ஜிப் வைத்து இரண்டு உறை தைத்துவிடுங்கள். தைப்பதற்கு முன் அந்தத் துணியை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். சொரசொரப்பு பிடிக்காமல் தள்ளிவிட்டால் நன்றாகத் துவைத்த பருத்தி.

ராக்கிங் சேர், ஊஞ்சல் எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் வேகமாக ஆடுகிற பிள்ளையோடு ராக்கிங் சேர் பின்னால் கவிழலாம், சின்னக் குழந்தை விரல் அடியில் மாட்டலாம். ஊஞ்சலுக்குக் கொக்கி மாட்டும் முன் கான்கிரீட் தாங்குமா என்று எஞ்சினியரைக் கேட்க வேண்டும், வாடகை வீடென்றால் ஓனரையும். எது அவனுக்கு ஒத்துவரும் என்று, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல முடியும். முட்டுக்காட்டில் நிப்மெட் (NIEPMD) என்று, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. உங்கள் கணவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லி, பையனை அவரையே அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஆட்டம் திடீரென்று கூடினாலோ, தலையைச் சுவரில் முட்டினாலோ மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். பல்வலி, காதுவலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும்.

பெண் பார்க்கிற அன்று கூட்டம் பிடிக்காமல் அவனே எழுந்து உள்ளே போனால் போகட்டும். அது அவன் இஷ்டம். கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. புது இருக்கை அவனுக்குப் பழகவும் சில வாரம் ஆகும். ஆசாரி வந்ததும் ஹாலில், ஜன்னல் பக்கச் சுவரில் அளவெடுக்கச் சொல்லுங்கள்.