இரண்டாவது கேள்விக்குத் தயாரா?
வேலைக்கான நேர்முகத் தேர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளைப் பற்றிக் கேட்பார்கள் என்கிறார்கள் சீனியர்கள். லீஸ்ட் கவுன்ட் (கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) எல்லாம் மனப்பாடம். வேறு என்ன படிக்க வேண்டும்?
வாசகர், அரக்கோணம்

புத்தகத்தை மூடிவிட்டு, படித்த பாலிடெக்னிக்கில் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் வெர்னியரைக் கையில் எடுங்கள். லீஸ்ட் கவுன்ட் 0.02 மி.மீ. என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது அதற்கு அடுத்த கேள்விதான்.

மேஜையில் ஒரு கடைசல் பீஸை வைத்து, "விட்டம் அளந்து சொல்லுங்க" என்பார்கள். பலர் எடுத்த எடுப்பில் பீஸைத் தாடைக்குள் வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. முதலில் தாடைகளைத் துணியால் துடையுங்கள். பிறகு மூடிப் பிடித்து, இரண்டு ஸ்கேலின் பூஜ்ஜியமும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிழையை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருவது அங்கேதான்.

மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 17ஆவது கோடு பொருந்துகிறது என்று வையுங்கள். 17 × 0.02 = 0.34. அளவு 24.34 மி.மீ. அடுத்த கேள்வி உடனே வரும்: "டிராயிங்கில் 24.30 ± 0.05 என்று இருக்கு. பாஸா, ரிஜெக்டா?" வரம்பு 24.25 முதல் 24.35 வரை. "பாஸ் சார்" என்று சொல்லி நிறுத்தினால் பாதி மார்க்தான். எல்லைக்கும் உங்கள் அளவுக்கும் உள்ள இடைவெளி 0.01. உங்கள் கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே 0.02. ஆகவே இந்தக் கருவியை நம்பி முடிவு சொல்ல முடியாது. "எல்லையை ஒட்டி இருக்கு சார், 0.01 மி.மீ. வரை காட்டுற மைக்ரோமீட்டரில் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதுதான் இன்ஸ்பெக்டர் சொல்கிற பதில். மைக்ரோமீட்டர் கொடுத்தால் திம்பிளை (சுழலும் உருளையை) இறுக்காதீர்கள். கடைசியில் உள்ள ராட்செட்டைத் திருப்பி, 'கிளிக்' சத்தம் கேட்ட பிறகு படியுங்கள். இறுக்கிப் பிடித்தால் அளவு குறைந்து காட்டும்.

"ரிஜெக்ட் ஆனா என்ன செய்வீங்க?" என்பது மூன்றாவது கேள்வி. "திருப்பி மெஷினுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பீஸுக்குச் சிவப்பு டேக் போட்டுத் தனியே வைக்க வேண்டும், சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், கடைசியாகச் சரியாக இருந்த பீஸுக்குப் பிறகு ஓடிய எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவது படியைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். கெட்ட பீஸ் ஒன்றே ஒன்று வருவது அபூர்வம்.

அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று உள்ளே விட்டுப் பார்க்கும் கோ, நோ-கோ கேஜையும் ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். துளைக்கான பிளக் கேஜில் கோ முனை துளையின் குறைந்தபட்ச அளவு, நோ-கோ முனை அதிகபட்ச அளவு. இரண்டு முனையும் உள்ளே போனால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள்.

பி.இ. சிவில் படித்தேன். வங்கி அதிகாரிக்கான மெயின்ஸ் முடிந்து நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். "இன்ஜினீயரிங் படிச்சுட்டு ஏன் பேங்க்?" என்ற கேள்வியை நினைத்தாலே பயம்.
வாசகி, காரைக்குடி

ஐ.பி.பி.எஸ். நடத்தும் பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்வில் நேர்முகத்துக்கு 100 மதிப்பெண். தகுதி பெற 40 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. மெயின்ஸில் வாங்கியதுதான் பெரிய பங்கு, அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

"சேவை செய்ய ஆசை", "நிரந்தர வேலை" என்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்திருக்கும். உங்கள் படிப்புக்கு வங்கியில் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். வீடு கட்டக் கடன் கொடுக்கும்போது பணத்தை ஒரே தவணையில் தருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை நகர நகர விடுவிக்கிறார்கள். எஸ்டிமேட் நியாயமா, அப்ரூவல் பிளானும் கட்டிய வீடும் ஒன்றா என்று பார்க்க சிவில் படித்த கண் உதவும். இதைச் சொன்னால், "சரி, 40 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு எவ்வளவு கடன் தரலாம்?" என்று தொடர்வார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கும் மேல் 75. நாற்பதில் 90 சதவீதம் 36 லட்சம், அது 30 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது; அதனால் 80 சதவீதம், 32 லட்சம். நீங்களே திறந்த கதவு இது; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்காதீர்கள்.

வாராக்கடனும் அப்படித்தான். தவணை 90 நாள் நிலுவையானால் வாராக்கடன் என்று எல்லோரும் சொல்வார்கள். "விவசாயக் கடனுக்கும் 90 நாள்தானா?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு சாகுபடிப் பருவங்கள், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம். சிவகங்கை மாவட்டத்துப் பெண்ணிடம் இதைக் கேட்க நிறைய வாய்ப்பு உண்டு.

சொந்த ஊரைப் பற்றியும் படித்துவிட்டுப் போங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடங்களில் கிளை திறந்தார்கள். உங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்கித் தேர்வுக்குக் காரைக்குடியிலிருந்து போகிறவர் இவை தெரியாமல் போனால் பார்க்கிறவர்களுக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

"ஆண்டுக்கு 3.6 லட்சம்" என்கிறார்கள். மாதம் 30,000 கையில் வருமா?
வாசகர், மதுரை

வராது. சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 722. பெரும்பாலும் இரண்டையும் அந்த 30,000க்குள்ளேயே சேர்த்துத்தான் சொல்வார்கள். மீதி 27,478. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 25,678. ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 வரை தொழில் வரியும் உண்டு. மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் 'வேரியபிள் பே'யும் (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் பங்கு) உள்ளே இருந்தால் மாதாமாதம் வருவது இன்னும் குறையும்.

அதனால் "கையில் எவ்வளவு சார் வரும்?" என்று மட்டும் கேட்காமல், "வேரியபிள் எவ்வளவு, அது மாதாமாதமா வருஷக் கடைசியிலா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதால் வேலை போய்விடாது.

2019இல் அக்கவுன்ட்ஸ் வேலையை விட்டேன். பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். இடைவெளியை எப்படிச் சமாளிப்பது?
வாசகி, கோயம்புத்தூர்

சமாளிக்க வேண்டிய குற்றம் எதையும் நீங்கள் செய்யவில்லை. "2019இலிருந்து பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தேன், இப்ப முழுநேரம் வர முடியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, தொழிலுக்கு வந்துவிடுங்கள். நீட்டி விளக்கினால் நீங்களே கூச்சப்படுவதாக அவர்களுக்குத் தோன்றும்.

அவர்களின் உண்மையான சந்தேகம், இடையில் மாறியது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான். நீங்கள் விட்டபோது கணக்கு மென்பொருள் டேலி இ.ஆர்.பி. 9, 2020இல் டேலி பிரைம் வந்துவிட்டது. அதே ஆண்டில் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் மாதப் பட்டியல்) வந்தது, அரசுத் தளத்தில் பில்லைப் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸும் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டிலிருந்து 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். கோவையின் பம்ப், மோட்டார் கம்பெனிகளில் பலவும் இதற்குள் வரும். இன்டர்வியூவுக்கு முன் டேலி பிரைமில் ஒரு மாதக் கணக்கைப் பொய்ப் பெயர்களில் போட்டு, கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டுப் பழகுங்கள். "சப்ளையர் பில் 2பி-யில வரலைன்னா?" என்று கேட்டால், "இன்புட் கிரெடிட், அதாவது வாங்கினப்போ கட்டின வரியைக் கழிச்சுக்கிறது, எடுக்க முடியாது சார். சப்ளையர்கிட்ட பேசி அவரோட விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் ஏத்தச் சொல்லுவேன், அதுவரை தனிப் பட்டியலில் வெச்சுப்பேன்" என்று சொல்ல வேண்டும். அதைத் தடுமாறாமல் சொல்பவரிடம் இடைவெளியைப் பற்றி யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

முடிவில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறேன். தப்பா?
வாசகர், திருச்சி

தப்பில்லை, நஷ்டம். "முதல் மூணு மாசத்துல என்ன வேலை குடுப்பீங்க?", "இந்த இடத்துல முன்னாடி இருந்தவர் உள்ளேயே மாறினாரா, வெளியே போயிட்டாரா?" என்று இரண்டு கேளுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், உங்களை எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்துக்கு ஒரு வருஷத்தில் மூன்று பேர் வந்து போயிருந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் அங்கே வேலை செய்கிற யாரையாவது விசாரித்துவிடுங்கள்.