பையில் கூல் லிப், கூடவே ஒரு பொட்டலம்: பள்ளி முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில், உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலையான கூல் லிப் பாக்கெட்டுகள் மூன்றை வகுப்பாசிரியர் பார்த்திருக்கிறார். கூடவே செய்தித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே காய்ந்த இலைத்தூள் மாதிரி ஏதோ இருக்கிறது. கஞ்சாவாக இருக்கலாம் என்கிறார்கள். எல்லாவற்றையும் என் அறை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். “டிசியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், நமக்கேன் வம்பு” என்கிறார்கள் பாதி ஆசிரியர்கள். மீதிப் பேர் போலீசைக் கூப்பிடச் சொல்கிறார்கள். பையனோ, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், கொன்னுடுவாரு” என்று அழுகிறான். என்ன செய்வது? மற்ற மாணவர்களுக்கு இதைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: முதலில் பீரோவில் இருக்கும் பொட்டலம். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதை மட்டும் போனில் சொல்லிவிட்டேன். மற்ற பள்ளிகளுக்கும் தேவைப்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். சந்தேகத்துக்குரிய பொருளைப் பள்ளியில் வைத்திருக்கக் கூடாது. கழிப்பறையில் கொட்டவோ, மைதானத்தில் எரிக்கவோ, முகர்ந்தும் சுவைத்தும் சோதிக்கவோ கூடாது. அது கஞ்சாவா இல்லையா என்பதை ஆய்வகம் முடிவு செய்யட்டும். இன்னொரு ஆசிரியரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு காகித உறையில் போட்டு ஒட்டுங்கள். தேதி, நேரம், எங்கே கிடைத்தது, யார் பார்த்தது என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்றே காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

“போலீசா?” என்று நீங்கள் தயங்கியது போனிலேயே தெரிந்தது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிறார் நீதிச் சட்டம் 2015-ஐப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் பாதியாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி ஆய்வாளருக்கும் கீழே, சிறப்பு உதவி ஆய்வாளர் நிலையில்கூட அவர் இருக்கலாம். நிலையத்துக்குப் போன் செய்து அவரைத்தான் கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பேச வருபவர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் வர வேண்டும். பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும்.

கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’ என்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. இப்படிப்பட்ட சிறு குற்றத்தில் ஒரு சிறுவன் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் எஃப்ஐஆர் போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, அவனுடைய குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பெரியவர் ஒருவரும் சேர்ந்து சம்பந்தப்பட்டிருந்தால் நிலைமை மாறும், அப்போது வழக்கு வரும். அந்த நிலையிலும் பையனின் விசாரணை குழுமத்தில்தான் நடக்கும். “போலீஸ்ல பேர் வந்துட்டா நாளைக்கு வேலைக்கு வில்லங்கம்” என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். சிறு வயதுத் தவறால் பின்னாளில் எந்தத் தகுதியும் பறிபோகக் கூடாது என்பதற்கென்றே அந்தச் சட்டத்தில் 24-ஆம் பிரிவு இருக்கிறது.

நடைமுறையில் எல்லா நிலையங்களிலும் இப்படி நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நடக்காத இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள் என்கிறேன். நீங்களோ, அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரோ கூடவே இருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஒரு போன் செய்தாலே நிலையத்தில் பேச்சின் தொனி மாறும்.

சரி, கூல் லிப்புக்கு வருவோம். பல ஆசிரியர்கள் இதைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பை, டீத்தூள் பை மாதிரி இருக்கும். உள்ளே புதினா வாசனையோடு புகையிலைத்தூள். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் வெளியே தெரியாது. மெல்ல வேண்டாம், புகை வராது, புதினா மணம்தான் வரும். பாடவேளையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வழக்கமாகக் கை தூக்கும் பையன் திடீரென்று வாயைத் திறக்காமல் தலையாட்டினால், அடிக்கடி ஜன்னல் பக்கமோ குழாயடிக்கோ துப்பப் போனால், ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். தொடர்ந்து வைப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஈறு வெளுத்துச் சுருங்கியிருக்கும். பல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அது ஆற நாளாகும், சிலருக்குப் புற்றுநோயில் போய் முடியும். பல் பரிசோதனை முகாம் ஒன்றைப் பள்ளியில் வைத்தால், யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலேயே யாருக்கு உதவி தேவை என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

இனி பையன். பொதுவாக எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “யார்டா குடுத்தா?” அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று தோன்றிய நொடியில் அவன் வாய் மூடிவிடும். “எப்ப இருந்து? எந்த நேரத்துல தேவைப்படுது? வைக்கலைன்னா என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். அறையில் நீங்களும் இன்னொருவரும் மட்டும் இருந்தால் போதும். ஆறு ஆசிரியர்கள் சுற்றி நின்றால் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். “எந்நேரமும் தூங்குறான், போதையில இருக்கான்” என்பது புகார். வாய் திறக்க அரை மணி நேரம் ஆனது. மாமாவோடு விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறான், மூட்டை இறக்குகிறான், எட்டு மணிக்குக் குளித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். தூக்கமும் பசியும் தெரியாமலிருக்க மார்க்கெட்டில் ஒருவர் கொடுத்ததுதான் அவன் உதட்டில் ஒதுக்கிய புகையிலைப் பை. பள்ளி திருத்த நினைத்தது புகையிலைப் பழக்கத்தை. அவனுக்குத் தேவைப்பட்டது தூக்கம். மார்க்கெட் வேலையை நிறுத்த வைத்தோம், காலையில் சாப்பிட வைத்தோம், அப்புறம்தான் புகையிலையைப் பற்றிப் பேசவே முடிந்தது. உங்கள் பையனுக்குப் பின்னால் இருப்பது வேறு கதையாக இருக்கும். ஆனால் ஏதோ ஒன்று இருக்கும்.

நிறுத்தும்போது முதல் மூன்று நாள் கடுமையாக இருக்கும். எரிச்சல், கவனமின்மை, தலைவலி எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். அந்த நாட்களில் அவன் வகுப்பில் வெடுக்கென்று பேசினால் அதையும் ஒரு குற்றமாகச் சேர்க்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி வையுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போக அனுமதியுங்கள். நிக்கோடின் சூயிங்கம்மை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356. போதைப்பழக்க மீட்புக்கு 14446. சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். கஞ்சாவின் தடயம் பல நாள், தொடர்ந்து பயன்படுத்துபவரிடம் சில வாரம்கூட உடலில் நிற்கும். என்றைக்கு எங்கே பயன்படுத்தினான் என்பதை அது சொல்லாது. பள்ளி மேல் இருக்கும் நம்பிக்கை போவதுதான் மிச்சம்.

பெற்றோரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைப்பதாக அவனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். “சொல்லாம இருக்க முடியாதுப்பா, ஆனா எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லலாம். அப்பாவை மட்டும் கூப்பிடாமல் அம்மாவையும், அப்பா யார் பேச்சைக் கேட்பாரோ அப்படி ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரையும் வரச் சொல்லுங்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு பேசுங்கள். “உங்க பையனை நாங்க விட்டுடப் போறதில்ல, நீங்களும் விட்டுடாதீங்க” என்பதில் தொடங்குங்கள். அடிக்க மாட்டேன் என்று அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மறுநாள் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். உடம்பில் காயம் இருந்தால், அல்லது உயிருக்கே பயப்படுகிறான் என்று தோன்றினால், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

டிசி பற்றி ஒரே வார்த்தை: கொடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது. உங்கள் மாணவன் ஒன்பதாம் வகுப்பு, அந்தப் பிரிவு அவனைக் காக்காது. ஆகவே இந்த முடிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஒன்பதில் டிசி வாங்கும் பையன் பெரும்பாலும் வேறு பள்ளிக்குப் போவதில்லை. அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தவரிடம் முழுநேரமாகப் போய்ச் சேருகிறான். நீங்கள் அவனை வெளியே அனுப்பும் அதே வாசலில்தான் அவர் நிற்கிறார்.

அவரை என்ன செய்வது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் குட்காவும் மெல்லும் புகையிலையும் 2013 முதல் ஆண்டுதோறும் தடை செய்யப்படுகின்றன. இடையில் 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இது தவிர, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் சொல்கிறது. பள்ளிகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் புகார் எழுதுகின்றன. இதில் அபராதம் 200 ரூபாய் வரைதான். கடைக்காரர் கட்டிவிட்டு மாலையில் மறுபடி கடை போடுவார். சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் பாருங்கள். மதுவோ, போதைப்பொருளோ, புகையிலையோ குழந்தைக்குக் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தையை வைத்து மதுவையோ போதைப்பொருளையோ கடத்தினாலும் விற்றாலும் 78-ஆம் பிரிவில் அதே தண்டனை. புகாரில் 77 என்ற எண் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக அனுப்புங்கள், அப்போது புகார் உங்கள் தனிப்பட்ட பெயரில் நிற்காது. எந்த இடத்திலும் பையனின் பெயரை எழுதாதீர்கள், அவனைக் கடைக்கு அழைத்துப் போய் அடையாளம் காட்டச் சொல்லாதீர்கள். அதே தெருவில் அவன் நாளைக்கும் நடக்க வேண்டும்.

இடையில் ஒரு விஷயம், அவசரத்துக்காக. ஒயிட்னரையோ பஞ்சர் சொல்யூஷனையோ முகரும் பிள்ளையைப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த ஆவி இதயத்தின் துடிப்பைத் தடுமாற வைக்கும். அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயம் நின்றே போகலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மாத்திரை அட்டையோ பாட்டிலோ கிடந்தால் மருத்துவரிடம் காட்ட எடுத்துப் போங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி மூச்சு மெதுவானால் வலி மாத்திரை வகை என்று சந்தேகிக்கலாம். அதற்கு மருத்துவமனையில் மாற்று மருந்து உண்டு, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மற்ற மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, உறுதிமொழி, புற்றுநோய்ப் படங்கள், சில இடங்களில் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரின் உரை. எல்லாம் நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பயமுறுத்தல், ஒரு நாள் நிகழ்ச்சி, மீண்டவரின் சாட்சியம் இவற்றால் பலன் இல்லை என்று ஐநா போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் தன் சர்வதேசத் தரநிலைகளில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டேர் என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் சீருடைக் காவலர்கள் வகுப்புக்கு வந்து பாடம் எடுத்தார்கள். பழக்கத்தை அது நிலையாகக் குறைக்கவில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. மாணவர்களே பேசிப் பழகும் சின்னச் சின்ன வகுப்புகள், ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து நடந்தால் பலன் தருகின்றன.

நான் வகுப்பில் முதலில் செய்வது ஒரு கணக்கு. “உங்க வயசுல நூறு பேர்ல எத்தனை பேர் புகையிலை போடுறாங்க?” என்று சீட்டில் எழுதச் சொல்வேன். ஐம்பது, அறுபது என்றே வரும். 2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் மூன்று நான்கு பேர். கரும்பலகையில் அதை எழுதியதும் ஒரு சத்தம் எழும் பாருங்கள். “எல்லாரும் போடுறாங்க” என்ற நினைப்புதான் பலரை இழுக்கிறது. அந்த நினைப்பு அங்கேயே கொஞ்சம் உடைகிறது.

அப்புறம் நடித்துப் பார்ப்பது. “ஒரு தடவ வச்சுப் பாருடா, ஒண்ணும் ஆகாது” என்று ஒருவன் சொல்ல வேண்டும், இன்னொருவன் நட்பைக் கெடுக்காமல் மறுக்க வேண்டும். முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது முறை சொந்த வார்த்தைகள் வரும். “கோச் வாசனை பிடிச்சுடுவாருடா, டீம்ல இருந்து தூக்கிடுவாரு” என்று ஒரு கபடிப் பையன் சொன்னதை இன்றும் மற்ற பள்ளிகளில் உதாரணமாகச் சொல்கிறேன். எந்தப் பொருளை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்ற விவரத்தை மட்டும் பலகையில் எழுத வேண்டாம், தெரியாதவருக்கு அது செய்முறைக் குறிப்பு. உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பும் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள். அதே ஆய்வில், புகையில்லாப் புகையிலையைத் தொட்ட மாணவர்களில் பாதிக்கும் மேல் பத்து வயதுக்கு முன்பே தொட்டவர்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பையன் வகுப்புக்குத் திரும்பும் நாளில் அவன் இடத்தை மாற்றாதீர்கள், முன் பெஞ்சுக்கு இழுக்காதீர்கள். தினம் காலையில் அவனிடம் இரண்டு நிமிடம் பேச ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்டால் போதும். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். நடுவில் ஒரு நாள் அவன் மறுபடி வைத்துவிட்டான் என்றால் அதையும் எழுதுங்கள், அது பலருக்கும் நடப்பதுதான். அங்கிருந்து பார்ப்போம்.