கிணற்றில் உப்பு, குழாயில் நாற்றம்: வடசென்னையின் தண்ணீர்க் கேள்விகள்

பணிக்காலம் முழுக்கத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவியவள் நான். ஓய்வு பெற்று திருவொற்றியூரில் இருக்கிறேன். அப்பா மீஞ்சூர்ப் பக்கம் நெல் போட்டவர். நீர், மண், பயிர் பற்றி யாரும் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களின் வேகம் பற்றியும் இரண்டு வந்தன. அதற்கு நான் ஆளில்லை. மற்றவற்றுக்கு இதோ.

பொன்னேரி அருகே, நெல் விவசாயி: மேடம், சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்துக்கு நட்ட பயிர் நுனி கருகிப் போச்சு. போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் இ.சி. 3.8 என்று எழுதித் தந்தார்கள். ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார் உரக்கடைக்காரர். ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

மூட்டையை இறக்குவதற்கு முன் ஒரு கேள்வி. மண்ணைப் பரிசோதித்தீர்களா? உங்களிடம் இருப்பது தண்ணீர்ச் சீட்டுதான். அதிலுள்ள இ.சி. என்பது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பை அளக்கும் எண்.

உவர் வேறு, களர் வேறு. நம் தாத்தாக்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம். இ.சி. 4க்கு மேல் போகும், காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 8.5க்குள் இருக்கும், வெயில் காலத்தில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். களர் மண்ணில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பி.ஹெச். 8.5ஐத் தாண்டும், தண்ணீர் இறங்காமல் கலங்கலாக நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி எகிறும். ஜிப்சம் களருக்கான மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெறும் உவர் நிலத்தில் அதைப் போட்டால், உப்பு இருக்கும் இடத்தில் இன்னொரு உப்பைச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். கடல்நீர் ஏறிய இடங்களில் இரண்டும் கலந்தும் இருக்கும். அதனால்தான் மண்ணைப் பார்க்காமல் மூட்டைக் கணக்கு சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த 3.8க்கு வருவோம். அதை 640ஆல் பெருக்கினால் லிட்டருக்குச் சுமார் 2,400 மில்லிகிராம் உப்பு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நிற்கப் பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நிலத்தில் 480 கிலோ உப்பைக் கொட்டுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு எங்கேயும் போகாது. நெல் மண்ணின் இ.சி. 3 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் 12 சதவீதம் போல அடிபடும். நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் பயிருக்கு உப்பு ஆகவே ஆகாது. நீங்கள் நட்டது இளம் நாற்று, சித்திரை வெயில், உப்புத் தண்ணீர். நுனி கருகாமல் என்ன செய்யும்?

என் யோசனை: இந்த போரை நம்பி சொர்ணவாரி வேண்டாம், மார்கழிப் பட்டமான நவரையும் வேண்டாம். ஐப்பசி மழை மண்ணைக் கழுவட்டும், அந்தத் தண்ணீரைப் பிடித்து சம்பா போடுங்கள். முதல் மழை நீரை வயலில் நிறுத்தி, வடிகால் திறந்து வெளியேற்றுங்கள், இரண்டு மூன்று தடவை. வடிகால் இல்லாத வயலில் எத்தனை மழை பெய்தும் பயனில்லை. நாற்றைச் சுமார் 30 நாள் வரை முதிரவிட்டு, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக நடுங்கள். ரகம் கேட்கும்போதும் கவனம். டி.ஆர்.ஒய். என்ற நெல் ரகங்கள் திருச்சியில் களர் நிலத்துக்காக உருவானவை. நாகப்பட்டினம் கடலோரத்து உவரில் குழியடிச்சான் என்ற பழைய நெல்லைப் போட்டுப் பழகியிருக்கிறார்கள். மண் சீட்டோடு திருவள்ளூர் பக்கம் உள்ள திரூருக்குப் போங்கள். டி.கே.எம். 9 குண்டு நெல்லைத் தந்த ஆராய்ச்சி நிலையம் அது, வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, மீஞ்சூரில் கடல்நீர் நிலத்துக்குள் வந்ததற்குக் காலநிலை மாற்றம்தானே காரணம்? அப்படித்தான் ப்ராஜெக்ட்டில் எழுதியிருக்கிறேன்.

தம்பி, அழித்துவிட்டு எழுது. இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். கொசஸ்தலை ஆறும் ஆரணியாறும் பல்லாயிரம் வருடமாக மணலுக்குள் சேர்த்து வைத்த நீர் அது. விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். எங்கள் அப்பாவும்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஆரம்பத்தில் கடற்கரையிலிருந்து 3 கி.மீ. அளவில் இருந்த உப்பு எல்லை, பிறகு 10 கி.மீ.யைத் தாண்டி உள்ளே வந்தது.

இது எப்படி நடக்கிறது? கடல்நீர் நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால் கடலோர மணலில் நல்ல நீர், கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதையே திருப்பிப் பார். மேலே 1 மீட்டரை இறைத்து எடுத்தால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரும். மீஞ்சூரில் கிணற்று மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனது. கடல் எதற்கு வெளியே நிற்க வேண்டும்?

உலகச் சராசரியில் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறியது சுமார் 20 செ.மீ. இப்போது வேகம் கூடிவிட்டது. இனிமேல் அது இந்த உப்பை இன்னும் உள்ளே தள்ளும், ஆறு வற்றும் வருடங்களில் இன்னும் அதிகமாக. அதை எழுது. ஆனால் ஐம்பது வருட மோட்டார் கணக்கைப் பருவநிலையின் தலையில் கட்டாதே. கட்டினால் தடுப்பணைக்கும் ஏரி தூர்வாருவதற்கும் வேலையே இல்லை என்று ஆகிவிடும். வள்ளூர் அணைக்கட்டில் தண்ணீர் நிற்கும் வருடங்களில் சுற்றுவட்டக் கிணறுகள் தெளிவதை நானே ருசி பார்த்திருக்கிறேன்.

எர்ணாவூர், இல்லத்தரசி: உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்தவர் எங்கள் மெட்ரோ தண்ணீரில் கம்பி விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணீர் பழுப்பாகி நுரைத்துவிட்டது. அவருடைய தண்ணீர் அப்படியே இருந்தது. இத்தனை நாள் இதையா குடித்தோம்?

அம்மா, அந்தப் பழுப்பு அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரையும், துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. நல்ல இளநீரில் அதே கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் அழுக்காகும். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். ஒரு சிட்டிகை சமையல் உப்பை அவருடைய கிளாஸில் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை. கிருமி, சாக்கடை, பெட்ரோல் வாடை எதுவும் அந்த மீட்டரில் தெரியாது. டி.டி.எஸ். 150 உள்ள தண்ணீரில் காலரா இருக்கலாம். உங்கள் குழாயில் வருவது மெட்ரோ தண்ணீர் என்றால், உப்பு உங்கள் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. காலையில் முதல் பத்து நிமிடம் கறுப்பாக, முட்டை நாற்றத்தோடு வருகிறதா? அதுதான் பிரச்சினை. விட்டு விட்டு விநியோகிக்கும்போது குழாயில் அழுத்தம் இருக்காது. அடிபம்பையோ மோட்டாரையோ போட்டு உறிஞ்சும்போது, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வந்துவிடும். கொதிக்க வைத்துக் குடியுங்கள், புகாரை எழுத்தில் கொடுங்கள். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மீந்திருக்க வேண்டும். அதைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் போர் தண்ணீர் 2,000க்கு மேல் இருந்து, வேறு குடிநீரும் இல்லை என்றால், அப்போது ஆர்.ஓ. நியாயம்தான். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, இன்னும் கெட்டியாகும்.

மாதவரம்: சாக்கடை ஓரம் விளையும் கீரையை மஞ்சள், உப்பு போட்டுக் கழுவினால் போதுமா?

புழு, முட்டை, கொஞ்சம் கிருமி போகும். வேர் வழியாக இலைக்குள் ஏறிய காட்மியம் என்ற நச்சு உலோகம் போகாது. கீரைகள் அதை நன்றாகவே இழுக்கும். எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணூர், மீனவர் குடும்பம்: 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் வந்த பிறகு, முகத்துவாரத்து இறாலை வாங்க ஆள் யோசிக்கிறார்கள். உண்மையில் சாப்பிடலாமா?

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக அந்த எண்ணெய் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் தார் போல ஒட்டியதை நீங்களே பார்த்தீர்கள். மேலே மிதந்தது போய்விடும். சேற்றில் இறங்கியதுதான் நெடுநாள் தங்கும். மீன்கள் எண்ணெய்ச் சேர்மங்களை ஈரலில் ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டி, ஆளி போன்றவற்றால் அது முடியாது. சேற்று நீரை வடிகட்டியே உயிர்வாழும் ஜீவன்கள் அவை, உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். எனவே எண்ணெய் படிந்த சேற்றுப் பக்கத்து மட்டியைத் தவிர்ப்பது நல்லது. இறாலில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் விற்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம். வாடை இல்லை என்பதே முழுச் சான்று ஆகாது. சேற்றையும் இறாலையும் சேர்த்துப் பரிசோதித்து முடிவை உங்கள் ஊரில் ஒட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கிற பெண்கள் தோல் அரிப்பு பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். அதை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

புழல்: 2015இல் வெள்ளம், 2019இல் ஏரி வறண்டது. எதை நம்புவது?

இரண்டையும். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டுகிறது, ஓய்ந்தால் நீண்ட நாள் ஓய்கிறது. நமக்கு வருட மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களில் வந்துவிடும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும், வீணாவது போக, வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்க் குழியை முதலில் தூர் எடுங்கள். பல வீடுகளில் அதன் மேல் பைக் நிற்கிறது.

மீஞ்சூர், இளம் விவசாயி: நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறதாம், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நல்ல தண்ணீர் இருக்கும் நிலத்தில் தாராளமாக. ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, நீர் மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும். தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். ஆனால் உவர் நிலத்தில் வயலைக் காயவிட்டால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறி வேரில் உட்காரும். மீஞ்சூர் என்கிறீர்கள், அதனால் முதலில் இ.சி. பாருங்கள்.

பலர்: பரிசோதனைக்குத் தண்ணீரை எப்படிக் கொண்டு போவது?

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி, இடம், தேதி, ஆழம் எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் பாட்டில்தான் வேண்டும். அதை அலசக்கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். கோலி சோடா பாட்டிலில் கொண்டுவந்து, 'தண்ணி இனிக்குதுங்க, நல்லாத்தான் இருக்கு' என்று என்னிடம் வாதாடிய ஒருவரை நான் இன்னும் மறக்கவில்லை.